ஒரே பெட்டியில் மூன்று குடித்தனம்

விண்டோஸ் 7, விண்டோஸ் 10, லினக்ஸ் மிண்ட் ஆகிய மூன்று இயங்குதளங்களும் என் கடையில் உள்ள ஒரே கணினியில் இப்போது ஓடுகின்றன. செய்து கொடுத்தவர் புதுச்சேரியில் காமராஜர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையில் பழுது பார்க்கும் தம்பி ஒருவர். தனி ஆள். "பெயரைப் போட்டு எழுதட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம் அக்கா, இருக்கிற வேலையையே முடிக்க முடியவில்லை" என்றார். ஆகவே இது பெயர் இல்லாத மதிப்புரை. பெயர் இல்லாவிட்டாலும் பயன் உண்டு. இந்த வேலையை எந்த ஊரில் யாரிடம் கொடுத்தாலும் எதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வேலை செய்த விதத்திலேயே இருக்கிறது.

ஒரு கணினிக்கு மூன்று எதற்கு என்று கேட்பீர்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் நடத்துவது தட்டச்சு, டி.டி.பி., ஜெராக்ஸ், லேமினேஷன் எல்லாம் சேர்ந்த சின்னக் கடை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் காலையிலேயே மனு அடிக்க ஆள் வந்து நிற்கும். முகூர்த்த மாதங்களில் பத்திரிகை வேலை தலைக்கு மேல் இருக்கும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், கோயில் குடமுழுக்கு நோட்டீஸ் என்று இருபது வருட வேலை, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகளாகக் கிடக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அதில் நாங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தியவை. திரையில் தெரிவது தமிழ். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்தும் குறியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மாப்பிள்ளை பெயர் முதல் மண்டபத்தின் முகவரி வரை எல்லாம் ஆங்கிலக் கிறுக்கல்தான். போதாததற்கு அந்த எழுத்துருத் தொகுப்புக்கு, செருகினால்தான் வேலை செய்ய விடும் ஒரு யூ.எஸ்.பி. பூட்டு வேறு உண்டு. அதை இயக்க என்னிடம் உள்ள டிரைவர் விண்டோஸ் 7-க்கு மேல் ஏறவில்லை. ஆகவே 7 இருந்தே ஆக வேண்டும்.

விண்டோஸ் 10 வேண்டியிருப்பது டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகிச் செய்யும் வேலைகளுக்காக. வணிகர்கள் சிலர் மாதாமாதம் அதற்காகவே வருகிறார்கள். ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் செயலியாக இருந்தால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் நிபந்தனை. என்னுடையது ஆறாம் தலைமுறை ஐ5. எட்டு ஜிபி ராம் போட்டு, குறையில்லாமல் ஓடும் பெட்டி. அதைக் காயலான் கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது மிண்ட், லினக்ஸ் வகைகளில் ஒன்று. இணையம், மின்னஞ்சல், வாட்ஸ்அப்பில் வரும் கோப்புகள், எல்லாவற்றுக்கும் மேலாக வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென்டிரைவ்கள். எங்கெங்கோ செருகிவிட்டு என் கடையில் வந்து செருகுகிறார்கள். கோப்புகளை மறைத்துவிட்டு ஷார்ட்கட்டுகளை மட்டும் காட்டும் வைரஸ் என்னவென்று டி.டி.பி. கடைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. மிண்டில் செருகினால் ஒரு பாவமும் செய்யாமல் வெறும் கோப்பாகக் கிடக்கும், பார்த்து அழித்துவிடலாம். மிண்டைத் தொடங்கியவர் கிளெமான் லெஃபெவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர், ஆண்டு 2006. புதுச்சேரியில் போய் அதைப் போட்டுக்கொண்டு வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

முதலில் கடலூரிலேயே ஒரு கடையில்தான் கொடுத்தேன். அந்தக் கடையின் பெயரும் இங்கே வேண்டாம். புதிதாக வாங்கிய 500 ஜிபி எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கையும் கையில் கொடுத்து, பழைய ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் 7-ஐத் தொடாமல் மற்ற இரண்டையும் புதியதில் போட்டுத் தரச் சொன்னேன். திரும்பி வந்த பெட்டியில் மிண்ட் மட்டும் இருந்தது. விண்டோஸ் 7 எங்கே என்று கேட்டதற்கு, "அது கரப்ட் ஆகியிருக்கிறது மேடம், ஃபார்மட் செய்துதான் போட வேண்டும்" என்று பதில் வந்தது. இருபது வருட உழைப்பு இருக்கிற டிஸ்க்கைப் பற்றி, தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்ன பதில். கூலி 600 ரூபாயை வாங்கிக்கொள்ளவும் மறக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதுச்சேரித் தம்பியைப் பற்றிச் சொன்னவர் என்னிடம் பேப்பர் வாங்கும் ஒரு பைண்டர். சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு தனியார் பஸ்ஸில் போனேன். கன்டக்டர் லக்கேஜுக்கும் டிக்கெட் போட்டார். திரும்பும்போது ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பெட்டிக்குள் என்ன என்று விசாரணை. புதுச்சேரியிலிருந்து கடலூருக்குக் கனமான பெட்டியோடு வந்தால் கேட்கத்தான் செய்வார்கள்.

அந்தத் தம்பி பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மானிட்டரை இணைத்தார், டெலிட் பொத்தானைத் தட்டி, கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸின் திரைக்குள் போனார், சிஎஸ்எம் என்று இருந்த ஓர் அமைப்பை இயக்கினார், சேமித்துவிட்டு மறுபடி தொடங்கும்போது எஃப் 12-ஐ அழுத்தினார். வந்த பட்டியலில் என் பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தார். கறுப்புத் திரையில் நான்கு நிற வெளிச்சப் புள்ளிகள் சுற்றி வந்து ஒன்றுசேர்ந்து விண்டோஸ் 7-இன் கொடியாக நின்றன. கரப்ட் ஆகிவிட்டதாகச் சொன்ன அதே விண்டோஸ் 7.

விஷயம் இதுதான். கணினி ஓர் இயங்குதளத்தை எழுப்புவதற்கு இரண்டு முறைகள் இருக்கின்றன. பழைய முறையில் பயாஸ், டிஸ்க்கின் முதல் துண்டைப் படித்து அங்கே எழுதியிருப்பதன்படி நடக்கும். எம்பிஆர் என்று சொல்லும் அந்தப் பகுப்பில் முதன்மைப் பார்ட்டிஷன்கள் (பிரிவுகள்) நான்குக்கு மேல் போட முடியாது, 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை அது அறியாது. புதிய முறை யூஇஎஃப்ஐ. டிஸ்க்கில் தனியாக ஒரு சின்னப் பார்ட்டிஷன் வைத்து, ஒவ்வொரு இயங்குதளமும் தன் தொடக்கக் கோப்பை அங்கே வைத்துவிடும். என் விண்டோஸ் 7 பழைய முறையில் போட்டது. கடலூர்க் கடையில் மிண்டைப் புதிய முறையில் போட்டு, பழைய முறைக்கு வழிவிடும் சிஎஸ்எம்மை அணைத்துவிட்டிருக்கிறார்கள். மிண்டோடு வந்து, எதைத் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் பட்டியல் புதிய முறையில் எழுவது; அதனால் பழைய முறை விண்டோஸை எழுப்ப முடியாது. அதனால்தான் பட்டியலில் அது இல்லை. மிண்டை நிறுவும்போதே, "பழைய முறையில் போட்ட இயங்குதளம் இருப்பதுபோல் தெரிகிறது, தொடர்ந்தால் அதைப் பிறகு எழுப்புவது கடினமாகலாம்" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை திரையில் வரும். படிக்காமல் 'தொடர்க' என்று தட்டியிருக்கிறார்கள் என்றார் தம்பி. குரலில் குற்றச்சாட்டு இல்லை.

அதற்குப் பிறகும் அவர் வேலையைத் தொடங்கவில்லை. ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். எந்த வேலை எதில் நடக்கிறது? எது இணையம் இல்லாமல் நடக்கும்? எந்தக் கோப்பு மூன்றிலும் திறக்க வேண்டும்? பிரிண்டர் என்ன? கடையில் வேறு யார் உட்காருவார்கள்? நான் இந்தக் கடைக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இந்தக் கேள்விகளுக்குத்தான். இயங்குதளத்தை நிறுவுவது இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை. அவரிடம் இருப்பது ஒரே ஒரு பென்டிரைவ், அதில் வென்டாய். 2020-இல் வெளிவந்த இலவச மென்பொருள் அது. இயங்குதளங்களை நிறுவும் ஐஎஸ்ஓ கோப்புகளை அதில் சும்மா நகலெடுத்துப் போட்டால் போதும், தொடங்கும்போது பட்டியல் காட்டும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். நீங்களும் நானும்கூட அதைச் செய்துவிட முடியும். எந்த வேலைக்கு எந்த வீடு என்று முதலில் முடிவு செய்யாமல் சுவர் எழுப்பினால்தான் பிறகு இடிக்க வேண்டியிருக்கிறது.

மலிவான வழியையும் அவரே முதலில் சொன்னார். மிண்டுக்குள், கணினிக்குள் கணினியாக இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு அதற்குள் விண்டோஸ் 7-ஐ ஓட்டலாம், ஒவ்வொரு முறையும் அணைத்துத் தொடங்க வேண்டியதில்லை என்றார். அவருடைய கணினி ஒன்றில் சோதித்தும் பார்த்தோம். என் யூ.எஸ்.பி. பூட்டை அது ஒருமுறை கண்டுகொண்டது, அடுத்த முறை கண்டுகொள்ளவில்லை. முகூர்த்த நாளுக்கு முந்தின இரவு இந்த விளையாட்டு எனக்கு ஆகாது. "அப்படியானால் தனித்தனியாகவே இருக்கட்டும்" என்று அந்த யோசனையைக் கைவிட்டார். கூடுதல் கூலி வருகிற வேலையைத் தள்ளிப் பேசுகிற பழுதுபார்ப்பவரை நான் அடிக்கடி பார்த்ததில்லை.

வேலை நடந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எடுத்த எடுப்பில் செய்தது, பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றியது. விண்டோஸ் நிறுவி இரண்டு டிஸ்க்குகளைப் பார்த்தால் தன்னை ஒன்றிலும் தொடக்கக் கோப்புகளை இன்னொன்றிலும் வைத்துவிடுவது உண்டு. பின்னால் ஒரு டிஸ்க் பழுதானால் இரண்டுமே எழாது. கேபிள் இல்லை என்றால் அந்தப் பேச்சே இல்லை. எஸ்எஸ்டியைத் துடைத்து, புதிய முறைக்குரிய ஜிபிடி பகுப்பாக மாற்றி, விண்டோஸ் 10-ஐ முதலில் போட்டார், அதன் பிறகு மிண்ட். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: விண்டோஸ் தன்னைத் தவிர வேறு எதையும் தன் பட்டியலில் தானாகச் சேர்த்துக்கொள்ளாது, க்ரப் சேர்த்துக்கொள்ளும். மூன்றுக்கும் பொதுவாக 'வேலை' என்று, மூன்றும் படித்து எழுதக்கூடிய என்டிஎஃப்எஸ் வடிவத்தில் ஒரு பார்ட்டிஷன். எல்லாம் முடிந்த பிறகுதான் பழைய டிஸ்க்கின் கேபிளைத் திரும்ப மாட்டினார். விண்டோஸ் 7-இல் நெட்வொர்க்கை அடியோடு முடக்கினார். அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, அதை இணையத்தில் விடக் கூடாது. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகள் கிடைக்கும் திட்டத்தில் சேர்த்துவிட்டார்.

விண்டோஸ் 10-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்தார். இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. அந்த வசதி இயக்கத்தில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுக்க அணைவதில்லை. தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. அடுத்து மிண்டில் நுழைந்தால், விண்டோஸ் பாதியில் விட்ட டிஸ்க் என்று பார்த்து, படிக்க மட்டும் அனுமதிக்கும், எழுத விடாது. பத்திரிகையைத் திறந்து தேதியைத் திருத்திவிட்டுச் சேமிக்கப் போனால் சேமிக்காது. வாடிக்கையாளரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு இதற்குக் காரணம் தேடுவது கொடுமை.

நான் இருந்தபோது ஒரு கல்லூரி மாணவி புது லேப்டாப்போடு வந்தார். விண்டோஸ் 11, பக்கத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் வேண்டும், மாலைக்குள் வேண்டும். தம்பி கேட்ட முதல் கேள்வி, "ரெகவரி கீ இருக்கிறதா?" அப்படி ஒன்று இருப்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. 24எச்2 பதிப்புடன் வரும் புதிய கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. தொடக்க அமைப்பில் கை வைத்தால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். இல்லை என்றால் உள்ளே இருப்பது போனதுதான். அந்தப் பெண் தன் போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, ஆறு ஆறாக எட்டுக் கூறுகளைச் சத்தமாக வாசித்து, தன் நோட்டிலேயே எழுதி, மறுபடி வாசித்துச் சரிபார்த்த பிறகுதான் தம்பி லேப்டாப்பைக் கையில் வாங்கினார். அதோடு 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டைப் பற்றியும் சொல்லிவைத்தார். விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைத்திருந்த பலருக்கு அது லினக்ஸைத் தொடங்கவிடாமல் செய்தது. பாதுகாப்புக் கொள்கை மீறல் என்று ஒரு வரியைக் காட்டிவிட்டுக் கணினி அணைந்துவிடும். அப்படி நடந்தால் பதறிப்போய் எதையும் ஃபார்மட் செய்யாமல் தன்னிடம் வரச் சொன்னார். பெண் முகத்தில் அலுப்பு. எனக்கு, சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம் என்ற நிம்மதி.

இனி பயன்பாடு. பெட்டியைப் போட்டதும் க்ரப் பட்டியல் வருகிறது, மிண்டோ விண்டோஸ் 10-ஓ தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் 7 வேண்டுமென்றால் எஃப் 12-ஐத் தட்டிப் பழைய டிஸ்க்குக்குப் போக வேண்டும். மூன்றும் ஒரே பட்டியலில் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முறை வேறு என்பதால் முடியாது, 7-ஐப் புதிதாகப் போட்டால்தான் முடியும் என்றார். அதைத் தொட நான் சம்மதிக்கவில்லை. எந்த வேலைக்கு எதைத் தட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதிலேயே, 'எஃப் 12 பட்டியலில் மிண்ட் என்று இருக்காது, உபுண்டு என்று இருக்கும், அதுதான் இது' என்று ஒரு வரி. மிண்ட் உபுண்டுவின் மேல் கட்டியது என்பதால் பெயர் அப்படிப் பதிகிறதாம். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் என் கடையில் வேலை செய்யும் பெண் பட்டியலைப் பார்த்துக்கொண்டு எனக்குப் போன் அடித்துக்கொண்டிருப்பாள். தாளை லேமினேட் செய்து பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டேன்.

மிண்டைப் பற்றி எனக்கு இருந்த பயம் விசைப்பலகை. நான் தமிழ்த் தட்டச்சு முதுநிலை தேறியவள். விரல் பழைய தட்டச்சு முறையில்தான் ஓடும். உதவிக்கு இருக்கும் பெண்ணுக்குத் தமிழ் 99. இரண்டையும் போட்டு, ஒரு விசையில் மாறுகிறபடி வைத்துக் கொடுத்தார். மனுக்களை இப்போது லிப்ரே ஆபீஸில் யூனிகோடிலேயே அடிக்கிறோம். எச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டர் மிண்டில் ஓட அதற்கென்று தனியாக ஒரு செருகுநிரல் இறக்க வேண்டும், அதையும் செய்திருந்தார். எதிர்பாராத லாபம் ஒன்று: விண்டோஸ் 10-க்கு டிரைவர் கிடைக்காமல் அலமாரி மேல் தூங்கிய பழைய ஸ்கேனர், மிண்டில் செருகியதும் எதுவும் கேட்காமல் ஸ்கேன் செய்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. பெரிய குறை கடிகாரம். மிண்ட், பெட்டியின் உள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். மிண்டிலிருந்து விண்டோஸ் 7-க்குப் போனால் மதியம் மூன்று மணி காலை ஒன்பதரை ஆகிவிடும். முகூர்த்த வேலைக்காக விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் தேதியே முந்தின நாளாகிவிடும். மிண்டில் ஒரே ஒரு கட்டளை வரியில் தீருகிற விஷயம். இவ்வளவு கேள்வி கேட்டவர் இதை விட்டுவிட்டார். போனில் சொல்லச் சொல்ல நானே அடித்துச் சரிசெய்தேன். அந்தப் போனை எடுக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வேலையில் இருந்தால் அவர் போனை எடுப்பதே இல்லை. ரசீதும் கேட்டால்தான் தருகிறார்.

கூலி 1,200 ரூபாய். எஸ்எஸ்டி என்னுடையது. கடலூரில் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு. ஆனால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது, அதற்கு நான் விலை பேசத் தயாராக இல்லை. எல்லோரும் அங்கே போக வேண்டும் என்று சொல்லவும் மாட்டேன். புது லேப்டாப், ஒரு விண்டோஸ், பக்கத்தில் ஒரு லினக்ஸ், உள்ளே முக்கியமான கோப்பு ஏதும் இல்லை என்றால், சொல்லித்தர ஒருவர் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். நம் பக்கத்தில் இது புதிய சங்கதியும் இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் திட்டத்தில் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும், மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. என் அண்ணன் மகளுக்குக் கிடைத்ததிலும் இரண்டும் இருந்தன. யாரும் சொல்லிக்கொடுக்காததால் முதல் வாரத்திலேயே பாஸைத் துடைத்துவிட்டாள். இப்போது வேலைக்காக லினக்ஸ் படிக்கக் காசு கட்டிக்கொண்டிருக்கிறாள்.

என்னைப்போல் பழைய டிஸ்க், பழைய எழுத்துரு, பூட்டு, டோக்கன் என்று வைத்திருப்பவர்கள், இப்படிக் கேள்வி கேட்கும் ஆளாகத் தேடிப் போங்கள். புதுச்சேரித் தம்பியின் கடை பதினொரு மணிக்கு முன்னால் திறக்காது. சிபியு மட்டும் போதும், மானிட்டரும் விசைப்பலகையும் அவரிடம் இருக்கின்றன. கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அதற்கும் நேரம் எடுத்துக்கொள்வார். யூ.எஸ்.பி. பூட்டையும் டோக்கனையும் மறந்துவிடாதீர்கள்; ஒவ்வொன்றையும் செருகிச் சோதித்துப் பார்க்காமல் அவர் பெட்டியை மூடுவதில்லை.